முளைப்பாரி ஏன் தலை சாய்ந்தது?

நாகபுரியில் வாழும் நம்மவர்களுக்கு இரண்டு விதமான முளைப்பாரி பழக்கம். ஒன்று, பங்குனி மாதம் காலனி மாரியம்மன் கோயிலுக்கு நம் வீட்டுப் பெண்கள் எடுப்பது. மற்றொன்று, நவராத்திரியில் அக்கம்பக்கத்து மராட்டியர் வீடுகளில் கலசத்தைச் சுற்றி மண்ணைப் பரப்பித் தானியம் தூவும் கடஸ்தாபனை. சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் 'ஜவாரா' என்று சொல்லித் தலையில் சுமந்து போவதும் இதன் உறவுதான். ஊர் வேறு, அம்மன் பெயர் வேறு. ஆனால் வீட்டுக்குள் இருட்டில் வளர்ந்த அந்தப் பயிர் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வெளிர் மஞ்சள் நிறம், மெல்லிய தண்டு, வெயிலில் வளர்வதைவிட இரண்டு மடங்கு உயரம்.

சென்ற பங்குனியில் ஒரு சிறு கலவரம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் சங்கத்துப் பெண் குழந்தை ஒருத்தி, முளைப்பாரி வைத்திருந்த அறைக் கதவைத் திறந்து, கைபேசியின் டார்ச்சை அடித்துப் படம் எடுத்துவிட்டாள். பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் அழவில்லை. "ஏன் வெளிச்சம் படக்கூடாது, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். "படக்கூடாதுன்னா படக்கூடாது" என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த நான், "எழுதித் தருகிறேன் அம்மா" என்று வாய் கொடுத்துவிட்டேன். அந்த வாக்குக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து 1981-இல் ரயில்வே சிக்னல் இலாகாவில் சேர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அது 1987-ஆம் வருஷத்துப் பங்குனி சம்பந்தப்பட்டது.

அப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் கோயிலுக்கு மிக அருகில் இருந்தது. அந்த வருஷம் இருபத்தொரு வீட்டு முளைப்பாரிச் சட்டிகளையும் எங்கள் பின்கட்டு அறையில் வைப்பதென்று முடிவாயிற்று. விதை போட்ட பிறகு ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அதற்கு முன்னால் ஜன்னலையும் மேற்குப் பக்கத்து வென்டிலேட்டரையும் பழுப்புத் தாள் ஒட்டி மூடிக் கொடுத்தது என் வேலை. என் மனைவிக்கு மானாமதுரைப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதிலிருந்து முளைப்பாரி போட்டுப் பழகிய கை. இடம் கொடுத்த வீட்டுக்காரி என்பதால் நல்ல இடத்தையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுவிட்டுத் தன் சட்டியைக் கடைசி மூலையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் சட்டிகள் வெளியே வந்தன. இருபது சட்டிகளில் பயிர் பொன்னிறமாக நெடுநெடுவென்று நின்றது. என் மனைவியின் சட்டியில் மட்டும் பாதி உயரம். நிறமும் மஞ்சளில்லை, பச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிர் முழுவதும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்திருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், அப்போது குழந்தை இல்லை. கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "விரதத்தில் மனசு சுத்தமில்லேன்னா பாரி இப்படித்தான் தலை கவுரும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். என் மனைவி பதில் சொல்லவில்லை. சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தாள். நானும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

1989-இல் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வளர்ந்து தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தாள். நான் ஓய்வு பெற்ற 2020-இல் ஊரடங்கின்போது வீட்டில் முடங்கிக் கிடக்கையில், பரணில் இருந்த அவளுடைய பாடப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். அதில் ஒரு படம் கண்ணில் பட்டது. இருட்டில் வளர்ந்த முளையும் வெளிச்சத்தில் வளர்ந்த முளையும் பக்கத்தில் பக்கத்தில். முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சட்டி என் முன்னால் வந்து நின்றது.

சிக்னலில் பழுது என்று செய்தி வந்தால், முதலில் அறிகுறிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள், காரணத்தைப் பிறகு தேடு என்று எங்களுக்குப் பயிற்சி. அந்தச் சட்டியிலும் அறிகுறிகள் மூன்று. பச்சை, சாய்வு, குட்டை. மூன்றுக்கும் காரணம் வெளிச்சம்தான். ஆனால் செடிக்குள் மூன்றும் வெவ்வேறு வழியில் நடக்கின்றன.

முதலில் மண்ணுக்கடியில் கிடக்கும் விதையின் நிலைமையைப் பார்ப்போம். அதன் கையில் இருப்பு என்பது விதையிலைகளில் உள்ள மாவும் புரதமும் எண்ணெயும்தான். ஊரை விட்டுப் புறப்படுகிறவன் இடுப்பில் முடிந்து கொண்ட பணம் மாதிரி. அது தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டிப் பிடித்துச் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கவேண்டும். எனவே இருட்டில் இருக்கும்வரை செடி இலைக்குச் செலவு செய்வதில்லை, பச்சையத்துக்கும் செலவு செய்வதில்லை. எல்லாச் செலவும் தண்டை நீட்டுவதற்கே. நுனியைக் கொக்கி போல் வளைத்து வைத்துக்கொள்கிறது. மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும்போது இளங்குருத்து கிழியாமலிருக்க அந்த ஏற்பாடு. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்கிறது, விதையிலைகள் விரிகின்றன, தண்டின் நீட்சி குறைகிறது, பச்சை ஏறுகிறது. முளைப்பாரி அறை என்பது மண்ணுக்கடியில் இருக்கும் இருட்டை ஒன்பது நாள் நீட்டிப்பதுதான். பயிர் தான் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலே மேலே போகிறது.

பச்சையின் கதை சுருக்கமானது. பச்சையம் தயாரிக்கும் வேலையை இருட்டிலும் செடி ஏறக்குறைய முடித்து வைத்திருக்கிறது. கடைசிக்கு முந்திய நிலையில் இருக்கும் பொருளுக்குப் புரோட்டோகுளோரோஃபிலைடு என்று பெயர். அதை அடுத்த படிக்கு மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் அந்த நொதி ஒளி பட்டால்தான் வேலை செய்யும். வெளிச்சம் இல்லையென்றால் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். அதுவரை கண்ணுக்குத் தெரிவது கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிதான். முளைப்பாரியின் பொன்னிறம் அதுவே.

சாய்வைப் பற்றி முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின். மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து புல் முளைகளை வைத்துப் பல பரிசோதனைகள் செய்து 1880-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். முளையின் நுனிக்கு ஒளி புகாத சின்னத் தொப்பி போட்டுவிட்டால் முளை வளைவதில்லை. அடிப்பகுதியை மூடினாலும் வளைகிறது. எனவே ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. நடுவில் ஏதோ ஒரு செய்தி போகிறது என்று கண்டார். அந்தச் செய்தி ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி என்பது 1920-களில் தெரிந்தது. ஒரு பக்கமிருந்து ஒளி வந்தால் ஆக்சின் எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது நிழல் பக்கத்துக்குச் சேர்கிறது. நிழல் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாமல் போனால், தண்டு வெளிச்சம் வந்த பக்கமாகச் சாயத்தானே வேண்டும்?

வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கும் கண் எது என்பதற்குத்தான் வெகுகாலம் பிடித்தது. நீல ஒளிக்குத்தான் செடி வளைகிறது என்பது தெரியும். 1989-இல் ஜிதேந்திர குரானா, கென்னத் பாஃப் என்ற இருவர், நீல ஒளிக்குச் சரியாக வளையாத செடிகளைத் தேடிப் பொறுக்கி எடுத்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றில் கெட்டுப் போயிருந்தது எந்த மரபணு என்று பின்னால் பார்த்தபோது, அதுவே வின்ஸ்லோ பிரிக்ஸ் என்பவரின் குழு 1997-இல் பிரித்தெடுத்த நீல ஒளி உணரும் புரதத்தின் மரபணுவாக இருந்தது. இன்று அந்தப் புரதத்துக்கு ஃபோட்டோட்ரோபின் என்று பெயர். குரானா தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். தில்லிக்கு நான் எத்தனையோ தடவை பயிற்சிக்குப் போயிருக்கிறேன். என் வீட்டுக் கேள்விக்குப் பாதி விடை வைத்திருந்தவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி வருவது குட்டை. எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இதுதான். சிக்னல்காரனுக்குப் பழக்கமான ஆட்கள் இதில்தான் வருகிறார்கள்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் அந்த அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே ஹாரி போர்த்விக் என்ற தாவரவியலாரும் ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் என்ற வேதியியலாரும் அவர்கள் சகாக்களும், ஒளியை வானவில்லாகப் பிரித்துச் செடிகள்மேல் விழச் செய்யும் பெரிய கருவி ஒன்றை அமைத்திருந்தார்கள். லெட்டூஸ் என்னும் கீரையில் ஒரு வகை விதை இருட்டில் சரியாக முளைக்காது. 1952-இல் அதை வைத்து அவர்கள் வெளியிட்ட முடிவு வெகு பிரசித்தம். நனைத்த விதைக்குச் சிவப்பு ஒளி சற்று நேரம் காட்டினால், நூற்றுக்குச் சுமார் 70 முளைத்தது. சிவப்பு காட்டி, அதன் பின் ஆழ்சிவப்பு காட்டினால் 6 அல்லது 7-தான் முளைத்தது. ஆழ்சிவப்பு என்பது நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும், சிவப்பின் கடைசி ஓரத்து ஒளி. மறுபடி சிவப்பு காட்டினால் திரும்பவும் 70-க்கு மேல். இப்படி மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினாலும் விதை கணக்கில் எடுத்துக்கொண்டது கடைசியாகப் பட்ட ஒளியை மட்டுமே.

படித்தவுடன் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தண்டவாளத்தில் வண்டியை இந்தப் பாதையிலா அந்தப் பாதையிலா என்று திருப்பிவிடும் பாயிண்ட் இப்படித்தான். எத்தனை தடவை இப்படியும் அப்படியும் போட்டாலும், கடைசியாக எந்தப் பக்கம் போட்டோமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். ஒரே வித்தியாசம், எங்கள் இலாகாவில் சிவப்பு என்றால் நில். விதைக்கோ சிவப்பு என்றால் புறப்படு!

ஒரே நிறமி, இரண்டு நிலை. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு பட்டால் இந்த நிலைக்குப் புரளும். சுமார் 730 நானோமீட்டர் ஆழ்சிவப்பு பட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இப்படி ஒன்று இருந்தாகவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்களே தவிர, கண்டவர் இல்லை. பச்சைச் செடியில் பச்சையமே எல்லா ஒளியையும் விழுங்கிவிடுவதால் இதைப் பார்க்க முடியவில்லை. 1959-இல் வாரன் பட்லர் முதலானோர் அதைக் கருவியில் பார்த்தே விட்டார்கள். எதில் என்றால், இருட்டில் வளர்த்த மக்காச்சோள முளையில். மஞ்சள் முளைதான் அவர்களுக்கும் வழிவிட்டது. அந்த நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

பைட்டோகுரோம் ஒரு பெரிய புரதம். அதன் மடியில், நான்கு வளையங்கள் சங்கிலி போல் கோத்த சிறிய நிறமித் துண்டு ஒன்று இருக்கிறது. ஒளி பட்டதும் அந்தத் துண்டில் உள்ள ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்கிறது. அதனால் கடைசி வளையம் புரள, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதமும் வடிவம் மாறுகிறது. இதுதான் நம் பாயிண்ட் மோட்டார். நீல ஒளிக்குக் கிரிப்டோகுரோம் என்று இன்னொரு புரதம் தனியாக உண்டு. அதன் மரபணுவை 1993-இல் மார்கரெட் அகமதுவும் அந்தோணி காஷ்மோரும் கண்டறிந்தார்கள். இதன் உறவுப் புரதங்கள் நம் உடம்பிலும் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு இரவு பகல் கடிகாரத்தை ஓட்டும் வேலை.

சரி, பாயிண்ட் புரண்டது. அதனால் தண்டு ஏன் குட்டையாக வேண்டும்?

இதைக் கண்டுபிடித்த முறை எங்கள் லோகோ ஷெட்டில் பழுது பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும். ஒரு பாகம் எதற்கென்று தெரியவில்லையா? அதைக் கழற்றிவிட்டு என்ன நடக்கிறதென்று பார். கழற்றியதும் வண்டி நின்றால் அது இஞ்சின் பாகம். கழற்றியதும் வண்டி தானாக ஓட ஆரம்பித்தால் அது பிரேக். விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடி. விதைகளின் மரபணுக்களில் அங்கங்கே கோளாறு உண்டாக்கி முளைக்கவிட்டு, விபரீதமாக வளர்வதைப் பொறுக்கினார்கள். நெதர்லாந்தில் மார்ட்டன் கோர்னீஃப் 1980-இல் பொறுக்கியவை, நல்ல வெளிச்சத்திலும் இருட்டில் இருப்பதுபோல் நீண்டு வளர்ந்தவை. வெளிச்சம் வந்த செய்தி அவற்றுக்குள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பைட்டோகுரோம் ஒன்றின் மரபணுவும் கிரிப்டோகுரோம் மரபணுவும் இந்தப் பட்டியலிலிருந்துதான் கிடைத்தன. எச்.ஒய்-5 என்ற ஒன்றும் கிடைத்தது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இதற்கு நேர் எதிரானவற்றைத் தேடினார்கள். கும்மிருட்டில் வைத்தாலும் வெயிலில் நிற்பதுபோல் குட்டையாக, இலையை விரித்துக்கொண்டு வளரும் செடிகள். ஜோன் சோரி 1989-இல் அப்படி ஒன்றை வெளியிட்டார். சிங்-வாங் டெங், பீட்டர் குவெய்ல் குழுவினர் 1991-இல் இன்னொன்றை வெளியிட்டு 'காப்-1' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாகம் கெட்டுப்போனதும், ஒளியே இல்லாமல் ஒளிச் செடி வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பாகம் பிரேக்.

இந்த இடத்தில்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தது தலைகீழாயிற்று. இருட்டு என்றால் சும்மா இருப்பது, வெளிச்சம் வந்து செடியைத் தட்டி எழுப்புகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பச்சையாக, குட்டையாக, இலை விரித்து நிற்கவேண்டும் என்ற திட்டம் செடிக்குள் எப்போதும் தயாராக இருக்கிறது. இருட்டில் அதைப் பிடித்து நிறுத்தி வைக்க ஓர் ஆள் ஓயாமல் வேலை செய்கிறான். வெளிச்சம் செய்வது அந்த ஆளின் கையை விலக்குவதுதான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் வாக்குவம் பிரேக். குழாயில் காற்றை உறிஞ்சி வைத்தால்தான் பிரேக் விலகி நிற்கும். உறிஞ்சுவது நின்றால், ஹோஸ் பைப் கழன்றால், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். செடியிலும் பிடித்த நிலைதான் இயல்பு. விலக்கி வைக்க வெளிச்சம் வேண்டும்.

அந்தப் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டு தெளிவாயிற்று. மேலே சொன்ன எச்.ஒய்-5 ஒரு நிர்வாகப் புரதம். செல்லின் உட்கருவில் போய் மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்து, ஒளிக்காலத்து வேலைகளை ஆரம்பித்து வைப்பது அதன் பணி. அது அப்படி நேராகப் போய் உட்காருகிறது என்பதை 1998-இல் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர், பின்னாளில் துர்காபூர் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சுதீப் சட்டோபாத்யாய். இருட்டிலும் செடி எச்.ஒய்-5-ஐத் தயாரிக்கத்தான் செய்கிறது. தயாராகத் தயாராக, காப்-1 அதன்மேல் யுபிகுவிட்டின் என்ற ஒரு சின்னப் புரதத்தைச் சீட்டு மாதிரி ஒட்டிவிடுகிறது. இந்தச் சீட்டு ஒட்டியதையெல்லாம் அரைத்துத் தள்ளுவதற்கு ஓர் இயந்திரம் செல்லுக்குள் உண்டு. எங்கள் யார்டில் வண்டிகள்மேல் சாக்கட்டியால் 'கண்டம்' என்று எழுதிவிட்டால் அவை நேராக உடைப்புக்குப் போகுமே, அதே ஏற்பாடு. சீட்டு ஒட்டும் இந்த முறையைக் கண்டவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்வானேன், உடைப்பானேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவசரத்துக்கு வேண்டிய ஜெனரேட்டரை அணைத்து வைப்பதைவிட மெதுவாக ஓடவிட்டு வைப்பதில் ஒரு லாபம் உண்டு. தேவைப்பட்ட நிமிஷத்தில் கிடைக்கும். மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும் முளைக்கு, புதிதாக எல்லாம் தயாரித்துக்கொண்டிருக்க அவகாசம் ஏது?

இருட்டில் இன்னொரு கூட்டமும் உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது. அவற்றுக்குப் பிஃப் புரதங்கள் என்று பெயர். முதலாவதை 1998-இல் குவெய்ல் குழுவினர் கண்டார்கள். தண்டை நீட்டு, நீட்டு என்று உத்தரவு போடுவது இவர்கள்தான். வெளிச்சம் பட்டுப் புரண்ட பைட்டோகுரோம், சில நிமிஷங்களில் உட்கருவுக்குள் நுழைந்து பிஃப்களைப் பிடித்து உடைப்புக்கு அனுப்புகிறது. பைட்டோகுரோமும் கிரிப்டோகுரோமும் சேர்ந்து காப்-1-இன் கையையும் கட்டிப்போடுகின்றன. சில மணி நேரத்தில் காப்-1 உட்கருவிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. எச்.ஒய்-5 சேரத் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நிலை மாறுகிறது. நீட்டு என்ற உத்தரவு நிற்கிறது. சட்டியில் பயிர் குட்டையாகிவிட்டது.

நாகபுரி வெயிலில் வாழும் நமக்காக ஒரு விஷயம். பைட்டோகுரோம் என்ற பாயிண்ட், வெளிச்சம் போன பிறகும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கு நழுவுகிறது. இரவு சூடாக இருந்தால் வேகமாக நழுவுகிறது. இதனால் பைட்டோகுரோம்-பி செடிக்குத் தெர்மாமீட்டராகவும் பயன்படுகிறது என்று 2016-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. புழுக்கமான ராத்திரிகளில் பால்கனித் தொட்டியில் நாற்று வெடவெடவென்று நீண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படித்ததோடு விட எனக்கு மனமில்லை. பாசிப்பயறு ஊறவைத்து மூன்று கிண்ணங்களில் போட்டேன். ஒன்று, எவர்சில்வர் சம்படத்துக்குள். ஒன்று பால்கனியில். மூன்றாவதைச் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேற்குப் பக்கம் ஒரு ரூபாய் அகலத்தில் ஓட்டை போட்டேன். தண்ணீர் மூன்றுக்கும் ஒரே அளவு, இரவில் விளக்கை அணைத்துவிட்டு. ஆறாம் நாள் திறந்தால், சம்படத்துப் பயிர் ஒரு சாண் உயரத்துக்கு வெளிறிப்போய், சில இன்னும் கொக்கி நிமிராமல் நின்றது. பால்கனிப் பயிர் அதில் பாதிகூட இல்லை, கரும்பச்சை. அட்டைப் பெட்டிப் பயிர் இரண்டுக்கும் நடுவே. இளம்பச்சையாக, ஒன்று பாக்கியில்லாமல் ஓட்டைப் பக்கம் தலை சாய்த்து நின்றது. விடுமுறையில் குழந்தைகளை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். செலவு ஒரு கைப்பிடிப் பயறு.

டார்ச் அடித்த அந்தக் குழந்தைக்கும் ஒரு வார்த்தை. அம்மா, நீ அடித்த ஒரு நொடி வெளிச்சத்தைப் பயிர் கண்டிருக்கும், அதில் சந்தேகமில்லை. அதன் பைட்டோகுரோம் கொஞ்சம் புரண்டும் இருக்கும். ஆனால் கதவைச் சாத்தியபின் மறுபடி நாள் கணக்கில் இருட்டு. பிரேக் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷத்துப் பாரி எவ்வளவு உயரமாக வந்தது என்று நீயே பார்த்தாய்.

அட்டைப் பெட்டிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த வருஷம் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. வென்டிலேட்டரில் தாள் சரியாக ஒட்டாமல் ஒரு மூலை கிழிந்திருக்க வேண்டும், ஒட்டியவன் நான்தான், சாயங்கால வெயில் உன் மூலையில் விழுந்திருக்கிறது, விரதத்தில் குறை ஒன்றுமில்லை என்று, பைட்டோகுரோமிலிருந்து காப்-1 வரை ஒரு பாட்டம் சொல்லி முடித்தேன்.

"அந்த வெளிச்சம் எனக்குத் தெரியுமேங்க" என்றாள்.

நான் திகைத்துப்போய் நின்றேன்.

"சாயங்காலம் தண்ணி தெளிக்க உள்ளே போவேன்ல, அப்போ ஒரு ரூவா அகலத்துக்கு வெளிச்சம் வந்து விழும். இருபத்தொரு சட்டி இருக்கு, என் சட்டி மேல மட்டும். ஆத்தா என்னைத்தான் பாக்குறான்னு நினைச்சுக்கிட்டேன். அதைப் போய் மறைப்பாங்களா?"

"அப்போதே இதைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவள் கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். "யாரு கேட்டா? நீங்களும்தான் கேக்கலை."